பொறியியல் படித்துக்கொண்டே அறிவியல் செய்தி எழுதக் கற்பது: முதல் ஆய்வுக் கட்டுரையிலிருந்து முதல் பைலைன் (உங்கள் பெயரோடு வரும் செய்தி) வரை

மின்னியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அறிவியல் கட்டுரைகள் எழுதி இதழ்களுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். ஓராண்டில் 11 கட்டுரைகள் போயின; ஒன்றும் வெளியாகவில்லை. பெரும்பாலும் பதிலே வராது. ஓர் இதழாசிரியர் மட்டும் இரண்டு வரி எழுதியிருந்தார்: "விளக்கம் நன்றாக இருக்கிறது. இதில் செய்தி என்ன?" அந்தக் கேள்வியின் அர்த்தம் பிடிபட எனக்கு இன்னும் ஆறு மாதம் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்திருந்தால் ஒரே மாலையில் புரிந்திருக்கும்.

இதழியல் படிக்காமல், பொறியியல் வகுப்புகளையும் விடாமல் இந்தத் தொழிலுக்குள் வர நினைக்கிறீர்கள் என்றால், நான் தட்டித்தடவிக் கற்ற வரிசை இது. ஒரு கல்வியாண்டு போதும். முதல் செமஸ்டரில் 1 முதல் 4 வரை, இரண்டாவதில் மீதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. விளக்கம் வேறு, செய்தி வேறு

"லித்தியம் அயான் பேட்டரி எப்படி வேலை செய்கிறது?" என்பது விளக்கம். பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நாளைக்கும் அப்படியே இருக்கும். "ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஆகும் என்று அறிவிக்கப்பட்ட பேட்டரி, அந்த வேகத்தில் எத்தனை முறை தாங்கும் என்று அறிவித்தவர்கள் சொல்லவில்லை" என்பது செய்தி.

ஒரு விஷயம் கையில் கிடைத்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். புதிதாக என்ன நடந்தது? அதனால் யாருக்கு என்ன மாறும்? இதை யார் மறுக்கக்கூடும்? முதல் இரண்டுக்கும் எல்லோரும் பதில் வைத்திருப்பார்கள். மூன்றாவதற்கு உங்களிடம் பதில் இல்லை என்றால் இன்னும் எழுத உட்காராதீர்கள். வகுப்பில் நமக்குத் தரும் கணக்குகளுக்கெல்லாம் கடைசிப் பக்கத்தில் விடை உண்டு. செய்தியில் விடை தெரிந்தவர்கள் இருவர் இருப்பார்கள், அவர்கள் இருவரும் ஒத்துப்போக மாட்டார்கள். அந்த இடத்தில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது.

பொறியியல் மாணவருக்கு இங்கே பெரிய வசதி ஒன்று இருக்கிறது: அளப்பது எப்படி என்று நமக்குத் தெரியும். வோக்ஸ்வாகன் டீசல் விவகாரம் எப்படி வெளியே வந்தது என்று பாருங்கள். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று, எடுத்துச் செல்லக்கூடிய அளவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு உண்மையான சாலையில் ஓட்டியது. நைட்ரஜன் ஆக்சைடு வெளியீடு சட்ட வரம்பைப்போலப் பல மடங்கு இருந்தது. அதே கார்கள் சோதனைக்கூடத்தில் தேறியவை. 2014-இல் அந்த முடிவுகள் வந்தன. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பகிரங்கமாகக் குற்றம்சாட்டியது. உலகமே பேசிய செய்தியின் தொடக்கம் "லேபில் அளந்ததைச் சாலையிலும் அளந்து பார்ப்போமா?" என்ற ஒரு கேள்விதான். அப்படிக் கேட்கும் பழக்கம் நமக்கு லேபிலேயே வந்துவிடுகிறது. அதைச் செய்திக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி.

2. ஒரே ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

செய்தி அறையில் இதை 'பீட்' என்பார்கள். "செயற்கை நுண்ணறிவு" என்று எடுத்தால் மூழ்கிவிடுவீர்கள். "மருத்துவப் படங்களைப் படிக்கும் மென்பொருள்கள்", "பேட்டரி மறுசுழற்சி", "பாலங்களின் நலனைக் கண்காணிக்கும் சென்சார்கள்" என்ற அளவுக்குச் சுருக்குங்கள். ஆறு மாதம் மாற்றாதீர்கள்.

ஒரு கோப்பு தொடங்கி, அந்தத் துறையில் ஆய்வு செய்யும் 20 பேர், அவர்கள் எழுதும் ஆய்விதழ்கள், விதிமுறை வகுக்கும் அமைப்புகள், ஆண்டின் முக்கிய மாநாட்டுத் தேதிகள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்பும் பின்பும்தான் செய்தி அதிகம் கிடைக்கும். உங்கள் தேர்வு தேதிகளோடு அவை மோதுகின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

எச்சரிக்கை: உங்கள் லேப், உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர், நீங்கள் இன்டர்ன்ஷிப் செய்த நிறுவனம் இவற்றைத் துறையாக எடுக்காதீர்கள். எளிதாகத் தோன்றும். ஆனால் உங்களுக்கு மதிப்பெண் போடுபவரைப் பற்றி நீங்கள் நேர்மையாகவே எழுதினாலும் வாசகர் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

3. ஆய்வுக் கட்டுரையை மேலிருந்து கீழாகப் படிக்காதீர்கள்

நான் அதிக நேரம் வீணாக்கியது இந்தப் படியில்தான், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

சுருக்கத்தில் தொடங்கி முடிவுரை வரை படித்தால், எழுதியவர்கள் உங்களை எங்கே கொண்டுபோக நினைத்தார்களோ அங்கே போய்ச் சேர்வீர்கள். நான் இப்போது படிக்கும் வரிசை வேறு. முதலில் படங்களும் அவற்றின் அடிக்குறிப்பும். அடுத்து செய்முறைப் பகுதி. அப்புறம் கூடுதல் தகவல் கோப்பு. சங்கடமான வரைபடங்கள் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும். பிறகு நிதி யார் கொடுத்தார்கள், யாருக்கு எந்த நிறுவனத்தில் பங்கு என்ற அறிவிப்பு. சுருக்கத்தையும் முடிவுரையையும் கடைசியில் படித்து, நானாகப் பார்த்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன்.

ஓர் உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். "ஐந்து நிமிடத்தில் முழு சார்ஜ்" என்று ஒரு செய்திக்குறிப்பு வந்திருக்கிறது என்று வையுங்கள். பேனாவை எடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடம் என்பது 12-இல் ஒரு பங்கு. பேட்டரித் துறையில் இதை 12சி வேகம் என்பார்கள் (ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் 1சி). ஒரு ஃபோன் பேட்டரியில் ஏறத்தாழ 15 வாட் மணி ஆற்றல் இருக்கும். அதை ஐந்து நிமிடத்தில் ஏற்ற 180 வாட் வேண்டும். பெரிய சார்ஜர், ஆனால் நடக்கக்கூடியது. அதையே 60 கிலோவாட் மணி கார் பேட்டரிக்குப் போடுங்கள்: 720 கிலோவாட். சாலையோர விரைவு சார்ஜர்கள் பல 50 முதல் 350 கிலோவாட் வரை கொடுப்பவை. ஒரே ஒரு பெருக்கலில் உங்களுக்கு முதல் கேள்வி கிடைத்துவிட்டது: "பேட்டரி தயார் என்றே வைத்துக்கொள்வோம், மின்சாரம் எங்கிருந்து வரும்?"

இப்போது செய்முறைப் பகுதிக்குப் போங்கள். சோதித்தது எந்த அளவு செல்? லேபில் பெரும்பாலும் சட்டைப் பொத்தான் அளவிலுள்ள காயின் செல்லில்தான் செய்வார்கள். அதன் கொள்திறன், அதாவது சேமித்து வைக்கும் மின்னளவு, சில மில்லிஆம்பியர் மணி; ஃபோன் பேட்டரிக்கு நாலாயிரம், ஐயாயிரம். மின்வாயின், அதாவது செல்லுக்குள் மின்சாரம் போய்வரும் தகட்டின், தடிமன் என்ன? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பொருள் பூசினார்கள்? மெல்லிய பூச்சு வேகமாக சார்ஜ் ஆகும், ஆனால் கொஞ்சம்தான் சேமிக்கும். எந்த வெப்பநிலையில் சோதித்தார்கள்? எத்தனை சார்ஜ் சுழற்சிக்குப் பிறகு கொள்திறன் 80 சதவீதத்துக்கு இறங்கியது? "ஒரு கிலோவுக்கு இத்தனை வாட் மணி" என்பதில் அந்த ஒரு கிலோ எது, வேதிப்பொருள் மட்டுமா, உறையும் இணைப்புகளும் சேர்த்த முழு செல்லா?

இந்தக் கேள்விகளையெல்லாம் இதழியல் மட்டும் படித்த நண்பர் கேட்க வேண்டுமானால் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். நீங்கள் நாளைக்கே கேட்கலாம்.

இன்னொன்று. ஆய்விதழில் வந்துவிட்டது, சகா மதிப்பாய்வு முடிந்துவிட்டது என்றால் உண்மை என்று அர்த்தம் இல்லை. வேறு சிலர் படித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். முன்வரைவுகளுக்கு, அதாவது பிரிபிரிண்ட்களுக்கு, அதுவும் இல்லை. 2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாகிறது, அதாவது தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று ஆர்க்கைவ் தளத்தில் இரண்டு முன்வரைவுகள் வந்தன. சில நாட்களில் உலகம் முழுக்கச் செய்தி. சில வாரங்களில் மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்து, அது மீக்கடத்தி இல்லை என்று காட்டிவிட்டன. அன்று "இன்னும் யாரும் திரும்பச் செய்து பார்க்கவில்லை" என்ற ஒரு வாக்கியத்தை மூன்றாவது பத்திக்குள் எழுதியவர்கள் பின்னால் திருத்தம் போட வேண்டி வரவில்லை. 2011-இல் ஓப்பரா என்ற ஆய்வுக் குழு, நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்ததாக அளவு கண்டது. அடுத்த ஆண்டு காரணம் தெரிந்தது. முக்கியமாக, ஓர் ஒளியிழைக் கம்பி சரியாகப் பொருத்தப்படவில்லை. கனெக்டர் லூசாக இருந்தால் அளவு என்ன ஆகும் என்று லேபில் கைப்பட்டுத் தெரிந்துகொண்ட நமக்கு, கருவியைப் பற்றிக் கேட்பது இயல்பாக வர வேண்டும்.

கட்டுரைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். அன்பேவால் என்ற இலவச நீட்டிப்பை உலாவியில் போட்டால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி இருந்தால் காட்டிவிடும். இல்லையென்றால் கட்டுரை எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாக அனுப்புவார்கள். எழுத உட்காரும் முன் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் கட்டுரையின் பெயரைப் போட்டுப் பாருங்கள், திரும்பப் பெறப்பட்டதா என்று தெரியும். 2023-இல், ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது.

நேரக் கணக்கு: முதல் கட்டுரையைப் படிக்க எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. பத்தாவதுக்கு ஒரு மணி நேரம். வாரம் ஒன்று வீதம் ஒரு செமஸ்டர் படியுங்கள், எழுத வேண்டாம். படித்ததைப் பற்றி ஐந்து கேள்வி மட்டும் நோட்டில் எழுதி வையுங்கள்.

4. செய்திக்குறிப்பும் எம்பார்கோவும்

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் செய்திக்குறிப்புகளை யூரேக்அலர்ட் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அந்தத் தளத்தை அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1996-இல் தொடங்கியது. செய்திக்குறிப்பு ஒரு முகவரி மாதிரி. அதை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கலாம், வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எழுத முடியாது. "முதன்முறையாக", "புரட்சிகரமான" என்ற சொற்களைக் கண்டால் அடிக்கோடிட்டு, அவை மூலக் கட்டுரையிலும் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

முக்கிய ஆய்விதழ்கள் கட்டுரை வெளியாகும் முன்பே செய்தியாளர்களுக்குக் கொடுத்து, குறிப்பிட்ட நேரம் வரை வெளியிடக் கூடாது என்று சொல்லும். அதுதான் எம்பார்கோ. நேச்சர் இதழுக்கு வழக்கமாகப் புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணி. சயின்ஸ் இதழுக்கு வியாழக்கிழமை அமெரிக்கக் கிழக்கு நேரம் பிற்பகல் 2 மணி. உங்கள் நேர மண்டலத்துக்கு மாற்றி எழுதி வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை அங்கே கடிகாரம் மாறும் என்பதையும் சேர்த்து. இந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது பொதுவாக உங்கள் பெயரில் வெளியான செய்திகளைக் காட்டச் சொல்வார்கள், இதழாசிரியரின் கடிதமும் கேட்கலாம். ஆகவே முதல் ஆண்டில் இது இல்லாமலே ஓட்டுங்கள். கிடைத்த பிறகு ஒரே ஒரு முறை முந்தி வெளியிட்டாலும் அனுமதி போய்விடும். நண்பர்கள் குழுவில் பகிர்வதும் மீறல்தான்.

5. ஆட்களிடம் பேசுங்கள்

நமக்கு மிகவும் கஷ்டமான படி இது. புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயத்துக்கு இன்னொருவரைத் தொந்தரவு செய்வானேன் என்று தோன்றும். அந்தத் தயக்கத்தில்தான் என் 11 கட்டுரைகளிலும் ஒரு மனிதர்கூட இல்லை.

ஒவ்வொரு செய்திக்கும் குறைந்தது இரண்டு பேர்: ஆய்வைச் செய்தவர் ஒருவர், அதில் சம்பந்தமே இல்லாத அதே துறைக்காரர் ஒருவர். இரண்டாமவரைக் கண்டுபிடிக்க, கட்டுரையின் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். மாற்று முறையில் அதே பிரச்சினையை அணுகியவர் அங்கே இருப்பார். அவரும் முதலாமவரும் சேர்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பதில் வாங்கிக்கொடுத்த முதல் மின்னஞ்சல் இப்படி இருந்தது:

"வணக்கம். நான் மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவர், அறிவியல் செய்திகள் எழுதுகிறேன். சென்ற வாரம் வெளியான உங்கள் கட்டுரையைப் படித்தேன். படம் 4-இல் 200 சுழற்சிக்குப் பிறகு கொள்திறன் சட்டென்று இறங்குகிறது. அதன் காரணத்தை உங்களிடம் கேட்க விரும்புகிறேன். 20 நிமிடம் பேசினால் போதும். வியாழன் மாலைக்குள் முடிந்தால் உதவியாக இருக்கும். நீங்கள் சொல்வதை உங்கள் பெயரோடு வெளியிடுவேன்."

"உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்ல முடியுமா?" என்று நான் முன்பு அனுப்பிய எதற்கும் பதில் வந்ததில்லை. 'படம் 4' என்ற சொல்தான் வேலை செய்தது என்று பின்னர் அந்த ஆய்வாளரே சொன்னார். இந்தப் பையன் படித்திருக்கிறான் என்று தெரிந்ததாம்.

பேசும்போது தெரிந்ததைக் காட்டிக்கொள்ள வேண்டாம். "பத்தாம் வகுப்பு மாணவிக்குச் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள், நல்ல உவமை அங்கேதான் வரும். "உங்கள் முடிவு தவறாக இருந்தால் எந்த இடத்தில் தவறாக இருக்கும்?" என்பது என் கடைசிக் கேள்வி. நேர்மையான ஆய்வாளர்கள் இதற்கு நீளமாகப் பதில் சொல்வார்கள். ஒலிப்பதிவு செய்வதைத் தொடக்கத்திலேயே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள், அந்த ஒப்புதலும் பதிவில் இருக்கட்டும். பெயர் போடக் கூடாது என்று எதையாவது அவர் சொல்ல நினைத்தால், அது பேசத் தொடங்கும் முன்பே முடிவாக வேண்டும்; சொல்லி முடித்த பிறகு இல்லை.

ஒரு தவறை என்னிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் கிடைத்த வாய்ப்பில், மரியாதை என்று நினைத்து முழு வரைவையும் ஓர் ஆய்வாளருக்கு அனுப்பினேன். வெளி நிபுணர் சொன்ன குறையை நீக்கி, அந்தப் பத்தியையே அவர் மாற்றி எழுதி அனுப்பினார். மறுக்கத் தெரியாமல் நான் ஏற்றுக்கொண்டேன். ஆசிரியருக்கு விஷயம் தெரிந்ததும் கட்டுரை நின்றுபோனது. நேரம் ஒதுக்கிப் பேசிய அந்த வெளி நிபுணரை நான் ஏமாற்றிவிட்டேன் என்பது இன்றும் வருத்தம். வரைவை அனுப்பாதீர்கள். எண்கள், அலகுகள், தொழில்நுட்ப வரிகள் சரியா என்று மட்டும் தனித்தனி வாக்கியங்களாகக் கேளுங்கள்.

6. லேப் ரெக்கார்டு நடையை விடுங்கள்

நான் முதலில் எழுதியது: "சிலிக்கான் கலந்த எதிர்மின்வாய் தயாரிக்கப்பட்டு, 500 சுழற்சிகளுக்குப் பின் 80 சதவீதக் கொள்திறன் தக்கவைக்கப்படுவது கண்டறியப்பட்டது."

ஆசிரியர் கைபட்ட பிறகு: "இந்த பேட்டரியைத் தினமும் ஒருமுறை முழுதாக சார்ஜ் செய்தால், ஒன்றரை ஆண்டுக்குள் அதன் கொள்திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தயாரித்தவர்களே தரும் கணக்கு இது."

தகவல் ஒன்றுதான். 500 சுழற்சி என்பது வாசகர் வாழ்க்கையில் எத்தனை நாள் என்று யாரோ ஒருவர் வகுத்துப் பார்த்திருக்கிறார், அவ்வளவே. 'செய்யப்பட்டது', 'கண்டறியப்பட்டது' என்று வரும் இடங்களில் யார் செய்தார்கள் என்று எழுதினாலே பாதி சரியாகிவிடும்.

தமிழில் எழுதுபவர்களுக்குக் கலைச்சொல் ஒரு தனிக் கவலை. என் வழி இது: மக்கள் வாயில் இருக்கும் சொல் எதுவோ அது. பேட்டரி, சார்ஜர், சென்சார் அப்படியே இருக்கட்டும். 'கொள்திறன்', 'மின்வாய்', 'மீக்கடத்தி' போன்றவற்றை முதல்முறை வரும்போது அரை வாக்கியத்தில் விளக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒரு பத்திக்கு ஒரு புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். ஒரே பொருளுக்கு ஒரு பத்தியில் 'மின்கலம்', அடுத்ததில் 'பேட்டரி' என்று மாற்றி எழுதினால் வாசகர் இரண்டு வெவ்வேறு பொருள் என்று நினைப்பார்.

7. வரி வரியாகச் சரிபாருங்கள்

அனுப்புவதற்கு முதல் நாள் வரைவை அச்சிட்டு, ஒவ்வொரு எண், பெயர், தேதி, உரிமைகோரலின் கீழும் கோடு போட்டு, ஓரத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். 800 சொல் கட்டுரையில் எனக்கு 40-க்கு மேல் வரும். ஓரம் காலியாக இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள்.

நாம் அடிக்கடி சறுக்கும் இடங்கள் மூன்று. கிலோவாட்டும் கிலோவாட் மணியும்: முன்னது வேகம், பின்னது அளவு. சதவீதமும் சதவீதப் புள்ளியும்: சூரியப் பலகையின் திறன் 20-இலிருந்து 25 சதவீதமானால் அது 5 சதவீதப் புள்ளி உயர்வு, அல்லது 25 சதவீத உயர்வு, "5 சதவீதம் கூடியது" என்பது தவறு. மூன்றாவது அலகு மாற்றம். 1999-இல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயில் தொலைந்துபோனது, ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு விசை நொடியில் கொடுத்த எண்ணை இன்னொன்று நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டதால்தான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஒலிப்பதிவை எழுத்தாக்க மட்டும் பயன்படுத்துகிறேன். அப்போதும் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு வரியையும் மறுபடி காதால் கேட்டுவிடுவேன். 'முடியும்' என்பது 'முடியாது' என்று மாறி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

8. ஆசிரியருக்கு அனுப்புதல்

முழுக் கட்டுரையை எழுதி அனுப்பாதீர்கள். முதலில் 200 சொல்லுக்குள் ஒரு பிட்ச், அதாவது இந்தச் செய்தியை எழுதட்டுமா என்று கேட்கும் சுருக்கம். முதல் இரண்டு வாக்கியத்தில் செய்தி. அடுத்து ஏன் இப்போது. யாரிடம் பேசிவிட்டீர்கள், யாரிடம் பேசப் போகிறீர்கள். எத்தனை சொல், எந்தத் தேதிக்குள். கடைசி வரியில் நீங்கள் யார். "பொறியியல் படிக்கிறேன், இந்தக் கட்டுரையின் தரவை நானே மறுபடி வரைந்து பார்த்தேன்" என்பது போல, உங்கள் படிப்பு இந்தச் செய்திக்கு என்ன சேர்க்கிறது என்று. தி ஓப்பன் நோட்புக் தளத்தில், உண்மையில் ஏற்கப்பட்ட பிட்ச்களின் தொகுப்பே இலவசமாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருபது படியுங்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அதிகம் உதவியது.

நேரம் முக்கியம். ஒரு கட்டுரை வெளியான மூன்றாம் நாளுக்குப் பிறகு அது அன்றாடச் செய்தி ஆகாது. அப்போது "இதுவரை மூன்று குழுக்கள் இப்படிச் சொல்கின்றன" என்று விரித்து எழுதும் கட்டுரையாக மாற்றுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். இன்னொரு வாரம் பார்த்துவிட்டு, "வேறிடத்துக்கு அனுப்புகிறேன்" என்று ஒரு வரி எழுதி நகருங்கள். ஒரே பிட்சை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பி இருவரும் சரி என்று சொன்னால், இருவரையும் இழப்பீர்கள்.

9. ஆவணங்கள்

வெளியான ஒவ்வொரு கட்டுரையையும் அன்றே பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். இணையதளங்கள் மூடப்படும், இணைப்புகள் செத்துப்போகும். பின்னால் விண்ணப்பங்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. ஆசிரியர் "எழுதுங்கள்" என்று சொன்ன மின்னஞ்சலையும் தனியாக வையுங்கள். அடையாள அட்டை இல்லாத உங்களுக்கு நிகழ்ச்சிகளில் அதுதான் சான்று. காசுக்கு 'பிரஸ் கார்டு' தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள்.

ஒப்பந்தம் வந்தால் நான்கு வரிகளைத் தேடுங்கள்: எந்த உரிமை அவர்களுக்குப் போகிறது, பணம் எத்தனை நாளில் வரும், எழுதி வாங்கிவிட்டு வெளியிடாவிட்டால் ஏதாவது தருவார்களா, வழக்கு வந்தால் பொறுப்பு யாருக்கு. நான்காவது முழுக்க உங்கள் தலையில் இருந்தால் மாற்றக் கேளுங்கள்.

இன்டர்ன்ஷிப் சேரும்போது கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படியுங்கள். வேலையை விட்ட பிறகும் அது செல்லும். இதைவிடப் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. நண்பரின் ப்ராஜெக்ட் அருமையாக இருக்கிறது என்று அதன் செயல்முறையை நீங்கள் வெளியிட்டுவிட்டால், பல நாடுகளில் அதற்குப் பிறகு காப்புரிமை கிடைக்காது. விண்ணப்பம் போட்டாகிவிட்டதா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு எழுதுங்கள்.

படங்களுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி. கிரியேட்டிவ் காமன்ஸ் படமானாலும் எந்த வகை உரிமம் என்று பாருங்கள். சிலவற்றை வணிக இதழில் போட முடியாது. ஆய்வுக் கட்டுரையின் வரைபடத்தை வெட்டி ஒட்டாமல், தரவை எடுத்து நீங்களே வரைந்து மூலத்தைக் குறிப்பிடுங்கள்.

10. செலவு, நேரம், மேற்படிப்பு

கற்பதற்கான செலவு கிட்டத்தட்ட இல்லை. எம்ஐடியின் நைட் அறிவியல் இதழியல் திட்டம் வெளியிட்ட அறிவியல் செய்தித் திருத்தக் கையேடு இலவசம். உலக அறிவியல் செய்தியாளர் கூட்டமைப்பின் இணையப் பாடமும் இலவசம். நான் காசு கொடுத்து வாங்கியது ஒரு சுமாரான மைக்கும் காப்புப் பிரதிக்கு ஒரு ஹார்டு டிஸ்க்கும்தான். உங்கள் கட்டுரையை வெளியிட உங்களிடம் பணம் கேட்கும் இடம் எதுவாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

செலவாவது நேரம். முதல் 800 சொல் செய்திக்கு எனக்கு 30 மணி நேரம் ஆனது, மூன்று வாரத்தில் பரவி. ஐந்தாவது செய்திக்கு 12 மணி நேரம். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் எந்த டெட்லைனையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆசிரியரிடம் முன்கூட்டியே தேதியைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். சொல்லாமல் தவறவிட்டால்தான் அடுத்த வாய்ப்பு வராது.

மேற்படிப்பாகவே போக நினைத்தால்: நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அறிவியல், உடல்நலம், சுற்றுச்சூழல் செய்தித் துறைக்குத் தனியாக 16 மாதப் படிப்பு இருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அறிவியல் தொடர்பியலில் முதுகலை உண்டு. சாண்டா குரூஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் படிப்பு, அறிவியல் பின்னணி உள்ளவர்களை எடுப்பதற்கே பெயர்பெற்றது. இவற்றுக்கு விண்ணப்பிக்க வெளியான கட்டுரைகள், நோக்கக் கடிதம், பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் வேண்டும். பரிந்துரை தருபவர்களில் ஒருவராவது உங்கள் எழுத்தைத் திருத்திய இதழாசிரியராக இருக்கட்டும். இறுதியாண்டு தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் பொதுவாக நாலு வரிதான் கிடைக்கும். எம்ஐடியின் நைட் ஃபெல்லோஷிப் அனுபவமுள்ள செய்தியாளர்களுக்கானது. நான் அது தெரியாமல் மாணவனாக இருந்தபோதே விண்ணப்பம் தயாரிக்க இரண்டு வாரம் செலவிட்டேன். எதற்கும் தகுதி விதியை முதலில் படித்துவிட்டு, அப்புறம் கடிதம் எழுத உட்காருங்கள்.